ஓசோன்–யூ.வி. தண்ணீர்ப் பெட்டி: வன்னிக் கிணறுகளுக்கு எவ்வளவு பொருந்தும்?

வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்துக் கடைகளில் உப்பை மென்சவ்வால் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் பக்கத்தில் "ஓசோன் + யூ.வி." (புறஊதா ஒளி) என்று எழுதிய தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டியும் விற்பனைக்கு நிற்கிறது. வீடு வீடாகக் கொண்டுவந்து காட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். உயர்நிலை ஒட்சியேற்றம், வயல் மருந்தை அழிக்கும், இரும்பை எடுக்கும், கிருமியைக் கொல்லும், சிறுநீரகத்தைக் காக்கும் என்று விளம்பரம் போகிறது. இந்த மதிப்பீடு ஒரு கம்பனியின் பெட்டியைப் பற்றியதல்ல. ஏறக்குறைய ஒரே அமைப்பில் பல பெயர்களில் வரும் அந்த வகையைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கிருமிக்கும் மணத்துக்கும் இது நல்ல கருவி. இரும்புக்கும் உதவும், பின்னால் ஒழுங்கான மணல் வடி இருந்தால். வயல் மருந்து விசயத்தில் பெட்டி சொல்வதில் சிறு பங்குதான் எங்கள் நிலத்துத் தண்ணீரில் நடக்கும். புளோரைட்டு, கடினத்தன்மை, நைத்திரேற்று, உப்பு ஆகிய நான்கிலும் இது ஒரு மாற்றமும் செய்யாது.

வன்னியில் ஆட்கள் பயப்படுவதே அந்த நான்குக்குத்தான். கேத்திலில் படியும் வெள்ளை, பல்லில் விழும் மஞ்சள் கறை, முல்லைத்தீவுக் கரையோரத்துச் சவர், வயல் நடுவே இருக்கிற கிணற்றில் ஏறும் உரம். ஒட்சியேற்றம் என்றால் இலத்திரனைப் பிடுங்குவது. கரைந்திருக்கும் கல்சியத்திடம் பிடுங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. நைத்திரேற்று ஏற்கெனவே முழுக்க ஒட்சியேறி முடிந்தது. புளோரைட்டோ தன் இலத்திரனை ஓசோனுக்கும் விடாது, அதைவிட வலிய ஐதரொட்சில் மூலிகத்துக்கும் (சோடியில்லாத இலத்திரனால் கிட்ட நிற்பதை உடனே தாக்கும் துண்டு மூலக்கூறு) விடாது. எவ்வளவு விலை கொடுத்து எந்தப் பெட்டி வாங்கினாலும் இந்த இரசாயனம் மாறாது. இலங்கைக் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614, லீற்றருக்குப் புளோரைட்டு 1 மி.கி., மொத்தக் கடினத்தன்மை 250 மி.கி., நைத்திரேற்று 50 மி.கி., இரும்பு 0.3 மி.கி. என எல்லை வைத்திருக்கிறது. முதல் மூன்றில் ஒன்றாவது உங்கள் கிணற்றில் எல்லை தாண்டியிருந்தால் இந்தப் பெட்டியை விட்டுவிட்டு ஆர்.ஓ. பக்கம் போங்கள். ஆகவே பெட்டிக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் தண்ணீரைக் கொடுத்து அறிக்கை எடுப்பதுதான் முதல் வேலை. புளோரைட்டு, கடினத்தன்மை, காரத்தன்மை, இரும்பு, மங்கனீசு, நைத்திரேற்று, குளோரைட்டு, மின்கடத்துதிறன், கோலிபோம் கிருமி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். காரத்தன்மையை, அதாவது அமிலத்தைச் சமப்படுத்தும் இருகாபனேற்று எவ்வளவு என்பதை, பலர் விட்டுவிடுவார்கள். ஒட்சியேற்றக் கருவி வாங்குகிறவருக்கு மிகவும் வேண்டிய இலக்கம் அதுதான். காரணம் கீழே வருகிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

முன்னால் 5 மைக்கிரோன் சேற்று வடி. அடுத்து காற்றில் உள்ள ஒட்சிசனை உயர் அழுத்த மின்னால் ஓசோனாக்கும் ரியூப். அந்த வாயுவைத் தண்ணீரில் கலக்க ஒரு காற்றுக்கல் அல்லது வென்சூரி (வாயுவை உறிஞ்சிக் கலக்கும் ஒடுங்கிய குழாய்). பிறகு சிறு தொடுகைத் தாங்கி, மாசை ஒட்டிப் பிடிக்கும் கரி நிறைந்த 10 அங்குலக் காபன் காட்ரிஜ், கடைசியில் 11 வாட் அளவிலான யூ.வி. விளக்கு. விளக்கு குவார்ட்ஸ் உறைக்குள் நிற்கும். தண்ணீர் உறையைச் சுற்றி ஓடும்.

இந்தக் குழாய்களின் ஒழுங்கைப் பாருங்கள். "உயர்நிலை ஒட்சியேற்றம்" என்ற பெயர் பொருந்துகிறதா என்பது இதில்தான் தீர்மானமாகிறது. ஓசோன் தனியாக ஒரு ஒட்சியேற்றி. அதன் ஒட்சியேற்ற அழுத்தம் (இலத்திரனைப் பிடுங்கும் வலிமை) 2.07 வோல்ற்று. யூ.வி. தனியாகக் கிருமியின் மரபுப் பொருளைச் சிதைக்கும் ஒளி. இரண்டும் ஒரே தண்ணீரில் ஒரே நேரத்தில் சந்தித்தால்தான், கரைந்த ஓசோனை 254 நனோமீற்றர் ஒளி உடைத்து, இடையில் ஐதரசன் பேரொட்சைட்டு வழியாக, 2.8 வோல்ற்று அழுத்தம் கொண்ட ஐதரொட்சில் மூலிகத்தை உண்டாக்கும். பிடிவாதமான சேதன மாசுகளை உடைப்பது அந்த மூலிகந்தான். ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் ஓசோனுக்கும் யூ.வி. விளக்குக்கும் நடுவே காபன் காட்ரிஜ் இருக்கிறது. காபன் எஞ்சிய ஓசோனை உடனே அழித்துவிடும். விளக்குக்கு வந்து சேரும் தண்ணீரில் ஓசோனே இருக்காது. ஓசோன் தன் வேலையை ஒரு பக்கமும், யூ.வி. தன் வேலையை இன்னொரு பக்கமும் பார்க்கின்றன. மூலிகம் பிறப்பதற்கான சந்திப்பு நடப்பதில்லை.

அப்படியானால் குழாயை மாற்றிக் காபனைக் கடைசிக்குத் தள்ளலாமா? தள்ளலாம், ஆனால் அதற்கும் விலை உண்டு. ஓசோன் பெரிய சேதன மூலக்கூறுகளைச் சிறியதாக்கும். அந்தச் சிறு துண்டுகள் பற்றீரியாவுக்கு நல்ல தீனி. ஓசோனுக்குப் பின்வரும் காபனில் பற்றீரியா குடியேறி வளரும். காபன் கடைசியில் நின்றால் அந்த வளர்ச்சி நேரே குவளைக்கு வரும். இதனால்தான் யூ.வி.யைக் கடைசியில் வைக்கிறார்கள். இரண்டு பயனும் வேண்டுமானால் ஓசோன், யூ.வி., காபன், மறுபடி இரண்டாவது யூ.வி. என்ற ஒழுங்கு வேண்டும். இரண்டாவது விளக்கு இல்லாத பெட்டி "உயர்நிலை ஒட்சியேற்றம்" என்று சொன்னால், விற்பவரிடம் காபன் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அவர் பெட்டியைத் திறந்து காட்டட்டும்.

எங்கள் தண்ணீரின் காரத்தன்மை

மூலிகம் பிறந்தாலும் அடுத்த தடை காத்திருக்கிறது. வவுனியாவின் பழம்பாறை நிலத்திலும், முருங்கன், மன்னார்ப் பக்கத்துச் சுண்ணக்கல் நிலத்திலும் கிணற்று நீரில் இருகாபனேற்று நிறைய இருக்கும். ஐதரொட்சில் மூலிகத்துக்கு ஆள் தெரிவு கிடையாது. கிட்டே எது நிற்கிறதோ அதைத் தாக்கும். காரத்தன்மை (கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு) லீற்றருக்கு 300 மி.கி. என்று வையுங்கள். அது ஏறத்தாழ 6 மில்லிமோல் இருகாபனேற்று. வயல் மருந்து லீற்றருக்கு 1 மைக்கிரோகிராம் என்று வையுங்கள். மருந்து மூலக்கூறு மூலிகத்துடன் சேரும் வேகம் இருகாபனேற்றின் வேகத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கூட. ஆனாலும் எண்ணிக்கையில் இருகாபனேற்று பத்து இலட்சம் மடங்குக்கு மேல். பெருக்கிப் பார்த்தால், மருந்தில் ஒரு மூலிகம் படும் நேரத்தில் இருகாபனேற்றில் இரண்டாயிரத்துக்கும் மேல் செலவாகிவிடும். கரைந்திருக்கும் இலைதழைச் சாற்றையும் சேர்த்தால் நாலாயிரத்தைத் தாண்டும். காரத்தன்மை 50 மி.கி. உள்ள தண்ணீரில் இருகாபனேற்றின் பங்கு ஆறில் ஒன்றாகக் குறையும். வேறு நாட்டு மென்னீரில் எடுத்த பரிசோதனை முடிவைக் கையேட்டில் அச்சடித்து வன்னியில் விற்பதில் உள்ள பிழை இதுதான்.

இனி வெளிச்சத்தின் அளவு. கிருமி நீக்கத்துக்கு யூ.வி. சதுர சென்ரிமீற்றருக்கு 40 மில்லியூல் போதும். நிமிடத்துக்கு 2 லீற்றர் ஓட்டத்துக்கு அளவெடுத்த 11 வாட் விளக்கு அதைத் தரும். மருந்து மூலக்கூறை உடைப்பதற்குச் சில நூறு முதல் ஆயிரம் மில்லியூல் வரை வேண்டும். அதே விளக்கில் அதை எடுக்க ஓட்டத்தை நிமிடத்துக்கு 100, 200 மில்லிலீற்றருக்கு இறக்க வேண்டும். ஒரு குடம் நிறைய ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும். பெட்டியின் குழாயை முழுக்கத் திறந்து பிடிக்கும் தண்ணீரில் அது நடப்பதில்லை.

ஓசோன் கணக்கையும் இப்படியே போடலாம். பெட்டியில் மணிக்கு 400 மி.கி. என்று எழுதியிருந்தால், நிமிடத்துக்கு 2 லீற்றர் ஓட்டத்தில் லீற்றருக்கு 3.3 மி.கி. வருகிறது. சிறு காற்றுக்கல் வழியே அதில் கால்பங்கு கரைந்தால் பெரிய விசயம். ஆக 0.8 மி.கி. அளவு. தண்ணீர் சூடாக இருந்தால் கரைவது இன்னும் குறையும். தகரக் கூரையில் வெயிலில் நிற்கும் தாங்கித் தண்ணீரை நேரே பெட்டிக்கு விடக்கூடாது என்பது இதனால்தான். அந்த 0.8 மி.கி.யில் இரும்பு முதல் பங்கை எடுக்கும். 1 மி.கி. இரும்பு 0.43 மி.கி. ஓசோனையும், 1 மி.கி. மங்கனீசு 0.88 மி.கி.யையும் தின்னும். குழாய்க் கிணற்றில் இரும்பு 2 மி.கி. இருந்தால் ஓசோன் முழுவதும் அதிலேயே முடிந்துவிடும். மருந்துக்கு எதுவும் மிஞ்சாது.

வயல் மருந்து பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். குளோர்பைரிபோஸ் போன்ற, பொசுபரசுடன் கந்தகம் இணைந்த பூச்சிநாசினிகளை ஓசோனும் குளோரீனும் தாக்கும்போது முதலில் நடப்பது கந்தகத்தின் இடத்தில் ஒட்சிசன் ஏறுவது. அதனால் வருவது ஒக்சன் என்ற பொருள். மூலப் பொருளைவிட அது கூடிய நஞ்சு. ஒட்சியேற்றம் அரைகுறையாக நின்றால் ஆபத்து குறைவதற்குப் பதிலாகக் கூடலாம். பின்னால் நல்ல காபன் நின்றால் அது பிடித்துக்கொள்ளும். ஆகவே மருந்துக்குப் பயந்து இந்தப் பெட்டியை வாங்குகிறவர் உண்மையில் நம்ப வேண்டியது காபனைத்தான். அந்தக் காட்ரிஜோ அரை லீற்றர் கொள்ளும். நிமிடத்துக்கு 2 லீற்றர் ஓடினால் தண்ணீர் அதற்குள் 15 செக்கன்தான் நிற்கும். பெரிய நிலையங்களில் மருந்தை எடுக்கப் பத்து நிமிடம் அளவு தொடுகை கொடுப்பார்கள். ஓட்டத்தை நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றருக்கு இறக்கினால் இரண்டரை நிமிடம் கிடைக்கும். இரண்டு காட்ரிஜைத் தொடராகப் பூட்டினால் ஐந்து. தேங்காய்ச் சிரட்டைக் காபன் இலங்கையிலேயே தரமாகச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டாவது காட்ரிஜுக்குப் போடும் காசு ஓசோன் ரியூப்புக்குப் போடும் காசைவிட மருந்து விசயத்தில் நல்ல பலன் தரும் என்பது எங்கள் உறுதியான கருத்து. காலபோக விதைப்புக்குப் பிறகு களைநாசினி அடிக்கும் நாட்களில் மழையும் சேர்ந்து வரும். வயலோரக் கிணறு உள்ளவர்கள் அந்தக் காலத்துக்கு முன்பே காட்ரிஜை மாற்றிவிட வேண்டும், சுவையும் மணமும் மாறுவதற்காகக் காத்திருக்கக் கூடாது.

சிறுநீரக நோய் பற்றி விளம்பரத்தில் வரும் வரியை முழுக்க ஒதுக்கிவிடுங்கள். உலர் வலயத்தில் பரவும், காரணம் உறுதியாகாத அந்த நோயை ஓசோன் தடுக்கும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. துன்பத்தில் இருக்கும் குடும்பங்களிடம் அந்தச் சொல்லைக் கொண்டுபோய்ப் பெட்டி விற்பது மன்னிக்க முடியாத செயல்.

கரையோரத்தில் வாங்கவே வேண்டாம்

முல்லைத்தீவு, கொக்கிளாய், நாயாறு, பூநகரிப் பக்கங்களில் கடல்நீர் கலந்த கிணறுகளில் ஓசோன் பெட்டியைப் பூட்டக் கூடாது. கடல்நீரில் குளோரைட்டு ஏறத்தாழ 19,000 மி.கி., புரோமைட்டு 65 மி.கி. இந்த விகிதத்தின்படி குளோரைட்டு 300 மி.கி. உள்ள கிணற்றில் கடலிலிருந்து வந்த புரோமைட்டு 1 மி.கி. அளவு இருக்கும். ஓசோன் புரோமைட்டைப் புரோமேற்றாக்கும். புற்றுநோய் ஐயம் காரணமாக உலக சுகாதார நிறுவனம் அதற்கு வைத்த எல்லை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம்தான். புரோமைட்டு 0.1 மி.கி.யைத் தாண்டினாலே ஓசோன் நிலையங்கள் கவனமாகிவிடும். இங்கே பத்து மடங்கு. புரோமேற்று கொதிக்கவைத்தாலும் போகாது. யூ.வி. மட்டும் பூட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. சவருக்கு எப்படியும் ஆர்.ஓ. தேவைப்படும்.

இரும்புக்கு மலிந்த வழி

இரும்பு கூடின குழாய்க் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது தெளிவாக இருக்கும், வாளியில் நின்றால் சிவக்கும், தேயிலைச் சாயத்தைக் கறுப்பாக்கும், வெள்ளைச் சட்டையை மஞ்சளாக்கும். இதற்கு ஓசோன் வேலை செய்யும், ஆனால் காற்றே போதும். 1 மி.கி. இரும்புக்கு வேண்டியது 0.14 மி.கி. ஒட்சிசன்தான். அது காற்றில் சும்மா கிடக்கிறது. தண்ணீரின் பீ.எச். (அமில–கார அளவு) 7.2க்கு மேல் இருந்தால் ஒட்சியேற்றம் விரைவாக நடக்கும். பீ.எச். ஒரு படி ஏற வேகம் நூறு மடங்கு ஏறும். எங்கள் காரத்தன்மையான தண்ணீர் மூலிகத்துக்குப் பகையானாலும், பீ.எச். இறங்காமல் பிடித்து இரும்பு வடிக்க உதவுகிறது.

துளையிட்ட பி.வி.சி. குழாயால் தண்ணீரை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து பூவாளிபோல் விடுங்கள். கீழே சல்லி நிரப்பிய மூன்று தட்டுகள் வைத்தால் காற்று நன்றாகப் பிடிக்கும். அடுத்து அரை மணி நேரம் நிற்கக்கூடிய தாங்கி. பின் அரை முதல் ஒரு மில்லிமீற்றர்ப் பருமனுள்ள, கழுவின ஆற்றுமணல் 60 சென்ரிமீற்றர். அடியில் சல்லி. மணல் அடைக்கத் தொடங்கினால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மேலாகக் கிளறிவிட்டு நிறுத்துபவர்களின் வடி சில மாதத்தில் கட்டியாகிவிடும். அந்தக் கிளறல் சேற்றை இன்னும் உள்ளே தள்ளுகிறது என்பதே காரணம்.

மங்கனீசு இருந்தால் இந்தக் காற்று வழி போதாது. அதற்குப் பீ.எச். 9ஐத் தாண்ட வேண்டும். கொண்டிஸ் என்று தெரிந்த பொற்றாசியம் பரமங்கனேற்று, 1 மி.கி. மங்கனீசுக்கு 1.92 மி.கி., 1 மி.கி. இரும்புக்கு 0.94 மி.கி. என்ற அளவில் வேலை செய்யும். தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தால் மருந்து கூடிவிட்டது. ஓசோன் கூடினாலும் மங்கனீசு உள்ள தண்ணீர் அதே நிறம் காட்டும். அது பெட்டி பழுதானதற்கான அடையாளம் அல்ல. ஓசோனைக் குறைத்தால் சரியாகும்.

காட்சிக்குச் செய்யும் சோதனைகள்

விற்பவர் உங்கள் தண்ணீரில் ஒரு துளி மை விட்டு ஓசோனால் நிறம் நீக்கிக் காட்டுவார். சாயத்தின் நிறம் அதன் மூலக்கூறில் ஒரு பிணைப்பை உடைத்தாலே போய்விடும். மிச்ச மூலக்கூறு தண்ணீரிலேயே இருக்கும். நிறம் போனது மாசு போனதாகாது. ஓசோன் உற்பத்தியாகிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

இரண்டாவது சோதனை இன்னும் மோசம். உங்கள் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் இரண்டு சோடி மின்வாய்களை இறக்கி மின் விடுவார்கள். கிணற்றுத் தண்ணீர் சேறாகிக் கறுத்துவிடும், மற்றது தெளிவாக நிற்கும். "இவ்வளவு அழுக்கும் நீங்கள் குடித்தது" என்பார்கள். அந்தச் சேறு இரும்பு மின்வாய் கரைந்து உண்டானது. தாதுப்பு உள்ள தண்ணீர் மின்னைக் கடத்தும், அதனால் மின்வாய் கரையும். ஆர்.ஓ. தண்ணீர் கடத்தாது, அதனால் கரையாது. நம்பாதவர்கள் அந்த ஆர்.ஓ. குவளையில் ஒரு சிட்டிகை கறியுப்புப் போட்டு மறுபடி மின் விடச் சொல்லுங்கள். அதுவும் கறுக்கும்.

ஓசோன் ரியூப் வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஆறின கஞ்சித் தண்ணீரில் பொற்றாசியம் அயடைட்டு சில பளிங்கு கரைத்து, ஓசோன் குழாயின் வாயை அதில் பிடியுங்கள். ஓசோன் வந்தால் நீலம் ஏறும். குளோரீன் போட்ட தண்ணீரில் இந்தக் கரைசலைச் செய்யக் கூடாது, அதுவும் நீலம் காட்டும். மழைநீர் நல்லது.

எங்கே பழுதாகும்

மாரி மாதங்களின் ஈரக் காற்று ஓசோன் ரியூப்பின் முதல் எதிரி. ஈரம் கூடினால் ஓசோன் பாதிக்கும் கீழே இறங்கலாம். கூடவே காற்றின் நைதரசன் நைத்திரிக்கமிலமாகி ரியூப்பை அரிக்கும். காற்று உள்ளே போகும் வாயில் சிலிக்கா ஜெல் உலர்த்தி கட்டாயம் வேண்டும். அந்த மணிகள் நிறம் மாறியதும் மெல்லிய சூட்டில் வறுத்து மீண்டும் போடலாம், ஆனால் சமையல் சட்டியில் வேண்டாம். நீல மணிகளில் கோபால்ற்று இருக்கும். உலர்த்தி இல்லாத பெட்டி வன்னியில் ஒரு மாரி தாங்குவது கடினம்.

கரன்ட் நின்றால் தண்ணீர் காற்றுக்குழாய் வழியே பின்வாங்கி உயர் அழுத்த ரியூப்புக்குள் ஏறிவிடும். மீண்டும் கரன்ட் வந்ததும் ரியூப் சுட்டுப்போகும். ஓசோன் தாங்கும் பின்வாங்கா வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் பெட்டியைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் பூட்டுவதே பத்திரம். சாதாரண றப்பர்க் குழாயும் வொஷரும் ஓசோனில் வெடித்துப் பிளக்கும். சிலிக்கன் அல்லது டெஃப்லோன் குழாய்தான் போட வேண்டும். மிஞ்சும் வாயுவை வெளியே விடும் குழாய் குசினிக்குள் முடியக் கூடாது. வேலைத்தலங்களில் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் ஓசோன் அளவே காற்றில் பத்து இலட்சத்தில் 0.1 பங்குதான். கூர்மையான அந்த மணம் நிலைத்து நின்றால், தொண்டை அரித்தால், பெட்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறவுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் வெளியே பூட்டினால் தவிர வேண்டாம்.

யூ.வி.க்கு எதிரி சுண்ணாம்பு. கடினத்தன்மை 120 மி.கி.யைத் தாண்டினால் விளக்கின் சூட்டில் குவார்ட்ஸ் உறையில் வெள்ளைப் பொருக்கு கட்டும். இரும்பு 0.3 மி.கி.க்கு மேல் இருந்தால் பழுப்புப் படலம். விளக்கு எரிவது வெளியே தெரியும், ஆனால் ஒளி தண்ணீரைச் சேராது. வவுனியாத் தண்ணீருக்கு மாதம் ஒருமுறை உறையைக் கழற்றி, பத்து வீதச் சித்திரிக்கமிலக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். தேசிக்காய்ச் சாறும் உதவும், கொஞ்சம் நேரம் கூட எடுக்கும். பூட்டும்போது குவார்ட்ஸை வெறும் கையால் தொடாதீர்கள், எரியும் விளக்கைப் பார்க்காதீர்கள். விளக்கின் ஆயுள் 9000 மணி நேரம், ஏறத்தாழ ஒரு வருடம். அதற்குப் பிறகும் நீலமாக எரியும், கிருமி கொல்லும் ஒளி குறைந்திருக்கும். அடிக்கடி ஏற்றி அணைத்தால் ஆயுள் குறையும். உடைந்த விளக்கில் பாதரசம் இருக்கிறது, வளவில் எறிய வேண்டாம்.

ஆலைகளுக்கு விற்கும் பென்ரன் முறை

நெல் ஆலைக்காரரிடமும் நெசவு நிலையங்களிடமும் இதே உயர்நிலை ஒட்சியேற்றம் வேறு வடிவில் பேசப்படுகிறது: இரும்பு உப்பும் ஐதரசன் பேரொட்சைட்டும். 1894இல் பென்ரன் என்ற ஆங்கில இரசாயனர் தாத்தாரிக்கமிலத்தில் கண்ட தாக்கம் அது. 1934இல் ஹாபரும் வைசும் அதன் உள்ளே ஐதரொட்சில் மூலிகம் இருப்பதைச் சொன்னார்கள். நல்ல முறைதான், பொருத்தமான தண்ணீருக்கு. நெல் அவிக்க ஊறவைத்த தண்ணீருக்கு இது பொருந்தாது. இரசாயன ஒட்சிசன் தேவை (தண்ணீரில் உள்ள மாசை முழுக்க ஒட்சியேற்ற வேண்டிய ஒட்சிசன்) ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 கிராம் பேரொட்சைட்டு வேண்டும். அந்தத் தேவை லீற்றருக்கு 3000 மி.கி. என்றால் ஒரு கனமீற்றருக்கு 35 வீதப் பேரொட்சைட்டு 18 கிலோ. மாப்பொருள் நிறைந்த அந்தத் தண்ணீரைப் பற்றீரியா சும்மா தின்றுவிடும். குட்டை வெட்டிக் காற்றூட்டுவதே சரியான வழி.

பற்றீரியா தின்னாத சாயத் தண்ணீருக்கு இதை எடுக்கலாம். 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரல், ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 500 மி.கி., காரத்தன்மை 300 மி.கி. என்று வைத்துக்கொண்டால் கணக்கு இது: செறிந்த சல்பூரிக்கமிலம் ஏறத்தாழ 40 மில்லிலீற்றரைத் தண்ணீரில் மெல்ல விட்டு (அமிலத்தில் தண்ணீர் விடக் கூடாது) பீ.எச். 3க்கு இறக்குதல். பெரசுச் சல்பேற்று 105 கிராம் கரைத்தல். 35 வீதப் பேரொட்சைட்டு 540 மில்லிலீற்றரை ஒரேயடியாக ஊற்றாமல் அரை மணி நேரத்தில் சிறிது சிறிதாக விட்டுக் கிளறுதல். ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுப் பின் சுண்ணாம்பால் பீ.எச். 8க்கு ஏற்றினால் இரும்பு பழுப்புச் சேறாக அடியில் இறங்கும். முதல் பிழை பீ.எச். 4ஐத் தாண்டியும் தொடர்வது. இரும்பு முன்கூட்டியே படிந்து தாக்கம் நின்றுவிடும். இரண்டாவது பரலை மூடுவது. காபனீரொட்சைட்டும் ஒட்சிசனும் வெளியேற இடம் வேண்டும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது. கடல்நீர் கலந்த தண்ணீரில் குளோரைட்டு மூலிகத்தைத் தின்னும், பலன் குறையும்.

யார் வாங்கலாம்

குளத்துக்குக் கிட்ட, மழைக்குப் பின் பாசி மணம் ஏறும், கோலிபோம் வரும், ஆனால் புளோரைட்டும் உப்பும் எல்லைக்குள் இருக்கும் கிணறு உள்ளவர் வாங்கலாம். பாசியின் மண்மணத்தை ஓசோனும் காபனும் சேர்ந்து நன்றாக எடுக்கும். அங்கும் உலர்த்தியும் பின்வாங்கா வால்வும் உள்ள பெட்டியாகப் பார்த்து எடுங்கள். கிருமி மட்டுமே கவலை என்றால் குளோரீன் போதும். மூன்று மீற்றர் விட்டம், இரண்டு மீற்றர் நீர் உள்ள கிணற்றில் 14,100 லீற்றர் தண்ணீர் இருக்கும். வெள்ளத்துக்குப் பின் முழுத் தொற்றுநீக்கத்துக்கு லீற்றருக்கு 50 மி.கி. போட, 65 வீதக் குளோரீன் பவுடர் 1.1 கிலோ வாளியில் கரைத்துத் தெளிவை ஊற்றி, ஓர் இரவு விட்டு, இறைத்துக் கழிக்க வேண்டும். பிறகு நாளாந்தம் பாவிக்கும் தண்ணீரில் அரை மணி நேரத்துக்குப் பின் 0.2 முதல் 0.5 மி.கி. குளோரீன் மிஞ்சினால் போதும். வெயிலில் திறந்து கிடந்த பவுடரில் பலம் குறைந்திருக்கும், அந்தக் கணக்கு பிழைக்கும். அளவு தெரியாதவர்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

வாங்குவதென்று முடிவெடுத்தால் விற்பவரிடம் எழுத்தில் வாங்கவேண்டிய பதில்கள் இவை: ஓசோன் அளவு எந்த ஈரப்பதனில் அளந்தது, காபன் யூ.வி.க்கு முன்னா பின்னா, காட்ரிஜும் விளக்கும் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கையிருப்பில் உண்டா, கழுவும் சேவைக்கு வருடத்துக்கு எத்தனை தடவை வருவார்கள், பூட்டிய ஒரு மாதத்துக்குப் பின் எடுக்கும் ஆய்வுகூட அறிக்கை சரியாக வராவிட்டால் பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா. கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று கையெழுத்து வைக்காத கடையில் பணம் கட்ட வேண்டாம்.